ஒழுங்கை முகம் திருப்பிய நாள்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வயல் செய்கிறவன். இதற்கு முன்னர் நான் எழுதியவற்றில் மிக நீளமானது, எங்கள் ஒழுங்கையில் மின்கம்பம் சாய்ந்து நிற்கிறது என்று கிராம அலுவலருக்குக் கொடுத்த கடிதம். பதினொரு வரி. அதில் முதல் நான்கு வரியும் அவருடைய சுகத்தை விசாரித்தவை. இப்படிப்பட்ட ஒருவன் பத்திபத்தியாக எழுத உட்கார்ந்திருப்பது அளவுக்கு மீறிய வேலை என்று எனக்கே தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் கதையை என் வீட்டில் ஒரு விதமாகச் சொல்லுகிறார்கள், பவளம் அக்காவின் கடையில் இன்னொரு விதமாகச் சொல்லுகிறார்கள். இரண்டிலும் நான் உண்மையில் இருந்ததைவிடப் பெரிய மடையனாக இருக்கிறேன். நான் எவ்வளவு மடையனாக இருந்தேனோ அந்த அளவை மட்டும் எழுதி வைத்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் கூச்சக்காரன். ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க என்னால் முடியாது. கலியாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது நான் பார்த்தது அவள் கொண்டுவந்த தேத்தண்ணித் தட்டைத்தான். (நல்ல தட்டு. பூப்போட்டது. முகத்தை நான் வடிவாகப் பார்த்தது கலியாணம் முடிந்து மூன்றாம் நாள்.)

ஓமந்தைச் சந்தியில் இறங்கிக் கிழக்கே ஆறு கட்டை தூரம் உள்ளே போனால் எங்கள் ஊர். தார் வீதியில் தொடங்கிக் குளக்கட்டில் முடிகிற ஒரு செம்மண் ஒழுங்கை, அதில் ஏழு வீடு. நடுவில் மேசன் வேலை செய்கிற ரூபனின் வீடு. அதற்கு அடுத்தது பவளம் அக்காவின் கடை. கடைசி வீடு என்னுடையது. என் வாசல் படலையில் இருந்து குளத்துப் படிக்கட்டுக்கு ஒரு நிமிட நடை.

பிள்ளைகளை அடிக்காமல் வளர்க்கப் பெற்றோருக்கு உதவுகிற ஒரு திட்டம் போன மாரியில் எங்கள் பக்கம் வந்தது. ஊருக்கு ஒருவர் மூன்று நாள் பயிற்சி எடுத்து, பின்னர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருந்து என் மனைவி விமலாவின் பெயர் போனது. பயிற்சிக்கு முந்தின நாள் அவள் கிணற்றடியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாள்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் போட்டு வாங்கோ. பேர் குடுத்தாப் பிறகு ஒருத்தரும் போகாட்டி மரியாதையில்லை.”

“நான் போய் என்னத்தைக் கதைக்கிறது?”

“ஆர் உங்களைக் கதைக்கச் சொன்னது? இருந்து கேட்டுப்போட்டு வாங்கோ.”

பயிற்சி நெளுக்குளத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. இருபத்தாறு பெண்கள். ஆண் நான் ஒருவன். கதவோரத்தில் கடைசிக் கதிரையில் இருந்தேன். படிப்பித்த மிஸ் நல்ல பிள்ளை, என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பிள்ளை செய்த நல்ல காரியத்தை வாய்விட்டுப் பாராட்டுங்கள் என்றா. பிள்ளையோடு நிலத்தில் இருந்து விளையாடுங்கள் என்றா. கண்ணைப் பார்த்துச் சின்னச் சின்ன வசனமாகச் சொல்லுங்கள் என்றா. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க எனக்கு வியர்த்தது. எல்லாம் கதைக்கிற வேலை. நான் என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தபோது ஒரு நாளைக்கு மொத்தமாகப் பத்துச் சொல் கதைத்திருப்பேனோ தெரியாது.

இரண்டாம் நாள் பதினொன்றரை மணிக்கு நாலாவது பாடம் வந்தது. பிள்ளை ஒரு பொருளுக்காக அடம்பிடித்துக் கத்தினால் அடிக்க வேண்டாம், பேச வேண்டாம், கெஞ்ச வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பார்க்கவே பார்க்காதீர்கள்.

நான் நிமிர்ந்து இருந்தேன். என் வாழ்க்கையில் முதல்தடவையாக, எனக்குத் தெரிந்த வேலையை ஒருவர் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வருடமாக இதைத்தானே நான் பெரிய மனிதர்களுக்கே செய்துவருகிறேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சாப்பாட்டு வாகனம் வந்தது. மண்டபத்தில் இருந்த ஒரே ஆண்பிள்ளை நான்.

“அண்ணை, ஒருக்கா வாறீங்களே? சோத்துப் பார்சல் இறக்கோணும்.”

இறக்கினேன். தண்ணீர்ப் போத்தல்களையும் இறக்கினேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன். பாடம் முடிந்துவிட்டது. அந்தப் பாடத்துக்குக் கொடுத்த தாளும் எனக்குக் கிடைக்கவில்லை. எழுந்து நின்று, மிஸ், நான் இல்லாத நேரம் என்ன சொன்னீங்கள் என்று கேட்டிருக்கலாம். இருபத்தாறு பெண்களுக்கு முன்னால். கேட்டிருக்கலாம்தான்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலை ஒழுங்கை ஆட்களைக் கூட்டி ஒரு மணித்தியாலம் விளக்க வேண்டும். பவளம் அக்காவின் கடை வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏழு வீட்டாரும் வந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் கூட்டங்களுக்குப் பழகியவர்கள். எத்தனையோ திட்டம், எத்தனையோ கையெழுத்து. சொல்வதை மரியாதையாகக் கேட்பார்கள், சொன்னபடி செய்தும் காட்டுவார்கள்.

ஒரு மணித்தியாலத்தில் நான் நாலு நிமிடம் கதைத்தேன். எனக்குத் தெரிந்த நாலாவது பாடத்தை மட்டும் சொன்னேன். நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். முடித்துவிட்டு இருக்கப் போனபோது பவளம் அக்கா கேட்டா:

“தம்பி, ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுப் பிள்ளை கத்திக்கொண்டு வந்தாலும் பாக்கக்கூடாதோ? ரூபன்ரை மகள் அழுதா நான் ஒரு ரொபி குடுக்கிறனான்.”

ரூபனின் மனைவி தர்சினி உடனே சொன்னாள். “அதுதான் மாமி பிரச்சினை. நான் இல்லையெண்டு சொல்ல, நீங்கள் குடுக்கிறியள். பிறகு என்னை ஆர் மதிக்கிறது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழு வீட்டாரும். நான் எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக அந்தக் கூட்டத்தை முடிக்க விரும்பினேன்.

“ஓம்” என்றேன். “ஒருத்தரும் பாக்க வேண்டாம்.”

இந்த ஒரு ஓம்தான் பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

இரண்டு வாரம் கழித்துத் தர்சினி என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் மூன்றரை மணி. நான் என் தங்கச்சியின் கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் களிசானைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தும் போட்டு, ஒரு கோப்பும் கையுமாகப் போனேன். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்தேன். ரூபன் வேலையால் இன்னும் வரவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் தட்சிகா. ஐந்து வயது. அதிகாரி வருகிறார், படம் எடுப்பார் என்று நினைத்துத் தாய் அவளுக்குப் பிறந்தநாள் சட்டை போட்டுவிட்டிருந்தாள். பிள்ளை நிலத்தில் படுத்தபடி தாயின் கைத்தொலைபேசியில் ஏதோ கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (நாலாவது பாடம் அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது.)

தர்சினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சன்னமான குரலில் சொன்னாள்.

“அண்ணை, காலமை எழும்பினா ஃபோன். சாப்பாட்டுக்கு ஃபோன். பறிச்சா ஊரைக் கூட்டுவாள். இவர் வேலையாலை களைச்சு வந்து, தடியை எடுத்துப் போடுவார். போன கிழமை காலிலை தழும்பு. அடிச்சுப்போட்டு அவரும் சாப்பிடேல்லை. இனி ஒருக்கா அந்தத் தடி அவளிலை படுறதை என்னாலை பாக்கேலாது. அவர் வாறதுக்குள்ளை ஏதாவது ஒரு வழி சொல்லித் தாங்கோ.”

நான் சாய்ந்து இருந்த கதிரையில் நேராக இருந்தேன். நான் வந்தது ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று. இவள் என்னை நம்பிக் கேட்கிறாள்.

“ஃபோனை வாங்கி அலுமாரிக்குள்ளை வையுங்கோ” என்றேன். “கத்துவா. கத்தட்டும். பத்து நிமிசம் நீங்களும் பாக்க வேண்டாம், நானும் பாக்கேல்லை.”

வாங்கி வைத்தாள். தட்சிகா கத்தினாள்.

நான் பல சத்தங்களைக் கேட்டவன். ஆனால் அந்த அளவுள்ள உடம்பில் இருந்து அந்த அளவு சத்தம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தர்சினி குசினிச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். நான் கலண்டரைப் பார்த்துத் திரும்பினேன். பத்து நிமிடத்தை எப்படி அளப்பது? என் கையில் கட்டியிருந்த மணிக்கூடு நின்றுபோய் ஒரு வருடம். அன்று மரியாதைக்காகக் கட்டியது. அதை எப்படிச் சொல்வது? மனதுக்குள் அறுநூறு வரை எண்ணலாம் என்று தொடங்கினேன்.

நாற்பதில் பிள்ளை நிலத்தில் உருண்டது. நூற்றிப்பத்தில் பிளாஸ்டிக் கோப்பை ஒன்று என் தலைக்கு மேலால் போய்க் கலண்டரில் பட்டது. நூற்றித்தொண்ணூறில் என் களிசானைப் பிடித்து இழுத்தது. நான் இடுப்புப் பட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அன்றைய ராகுகாலத்தை வாசித்தேன். தர்சினியின் தோள்கள் நடுங்குவது கடைக்கண்ணில் தெரிந்தது. அழுகிறாளோ என்று பயந்தேன்.

“அண்ணை, பாக்கட்டோ?”

“வேண்டாம்.”

முந்நூறில் என் தேத்தண்ணிக் கோப்பை மேசையில் இருந்து எடுக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு வாசலில் ஏதோ ஊற்றுகிற சத்தம். என் சப்பாத்து அங்கேதான் இருந்தது. நான் அசையவில்லை. அந்த ஊற்றலில் எண்ணிக்கை தவறிப்போய்விட்டது. முந்நூற்றிப்பத்தோ, நானூற்றிப்பத்தோ. நியாயமாக நடக்க வேண்டும் என்று திரும்பவும் ஒன்றில் இருந்து தொடங்கினேன்.

அப்போதுதான் அழுகை நின்றது.

முழுவதுமாக நின்றது. வெளியே ஒரு செண்பகப் பறவை கத்துவது கேட்டது.

“வேலை செய்யுது” என்று கிசுகிசுத்தேன்.

“இப்ப பாக்கலாமோ?”

“இன்னும் கொஞ்சம். முழுசா முடியட்டும்.”

உண்மையைச் சொன்னால், நான் அந்த அமைதியை அனுபவித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் பயிற்சி எடுத்த இருபத்தேழு பேரில் முதல் வெற்றி எனக்குத்தான் என்று நினைத்தேன். அறுநூறு வரை ஒன்றுகூடக் குறையாமல் எண்ணினேன். எண்ணிவிட்டு, “இப்ப பாருங்கோ, தங்கச்சி” என்று பெருமையோடு திரும்பினேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம்.

தர்சினி முதலில் கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். அலுமாரிக்குப் பின்னால் பார்த்தாள். “தட்சி… செல்லம்… அம்மா ஃபோன் தாறன், வாங்கோ” என்றாள். பதில் இல்லை. பின் கதவால் ஓடிக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாரித் தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. தண்ணீர் கலங்காமல் இருந்தது. அதை இரண்டு தரம் பார்த்து உறுதிப்படுத்தினேன்.

“பிள்ளையைக் காணேல்லை” என்று தர்சினி ஒழுங்கையில் நின்று கத்தினாள்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் ஆறுதலாக விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஏழு வீட்டுப் படலையும் திறந்தது. நான் சப்பாத்துக்குள் காலை விட்டேன். வலது சப்பாத்து நிறையத் தேத்தண்ணி. அதோடேயே ஓடினேன். ஒவ்வொரு அடிக்கும் சளக், சளக் என்றது.

கடைக்கு முன்னால் பவளம் அக்கா நின்றா.

“அக்கா, பிள்ளையைக் கண்டனீங்களோ?”

“ஓம். இப்பிடித்தான் போனவள்.” கையைக் குளத்துப் பக்கம் நீட்டினா. “கால் மணித்தியாலத்துக்கு மேலை இருக்கும். அழுதுகொண்டு வந்து இந்த வாசலிலை நிண்டவள். மாமி எண்டும் கூப்பிட்டவள்.”

“பிறகு?”

“பிறகென்ன. நான் மற்றப் பக்கம் திரும்பிப் பருப்புப் புடைச்சனான். நீர்தானே சொன்னனீர்.” அவ கடைக்குள் இருந்த ரொபிப் போத்தலைப் பார்த்தா. “போத்தலை எடுத்து ஒரு ரொபி குடுத்திருந்தா இஞ்சையே நிண்டிருப்பாள், தம்பி. கை போனது. நான்தான் இழுத்துப் பிடிச்சனான்.”

ஓடினேன்.

அடுத்த வளவில் சிவராசா அண்ணை வேலி கட்டிக்கொண்டிருந்தவர். அவர் கேட்காமலே சொன்னார்.

“நான் காலைத்தான் கண்டனான். ரோஸ் செருப்பு. முகத்தைப் பாக்கேல்லை. நீ சொன்னபடி முகத்தைப் பாக்கவேயில்லை, தம்பி.” பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையைப் போலச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். கத்தியைப் போட்டுவிட்டு எங்களோடு ஓடிவந்தார்.

மற்ற நாளென்றால் அந்த ஒழுங்கையில் ஒரு பிள்ளை தனியே இருபது யார் நடக்க முடியாது. எங்கே போறாய், அம்மா எங்கே, ஏன் மூக்கு ஒழுகுது, இஞ்சை வா என்று ஒவ்வொரு வேலிக்குள்ளாலும் ஒரு குரல் வரும். அந்தக் குரல்களையெல்லாம் நாலு நிமிடத்தில் நிறுத்தி வைத்தவன் நான்.

கடைசி வீடு என்னுடையது. படலையில் விமலா நின்றாள், சுளுக்கு ஆறியும் ஆறாத காலோடு.

“நீ கண்டனியோ?” என்று கேட்டேன். இல்லை என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கும்பிட்டேன்.

விமலா அழத் தொடங்கினாள். “படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு என்னைப் பாத்தவள். நான் உள்ளுக்குப் போயிட்டன். நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, உங்கடை வீட்டிலையே நாங்கள் மாறி நடந்தா ஆக்கள் உங்களை என்ன நினைப்பினம் எண்டுதான்.”

எங்களுக்குக் கலியாணமாகி இருபத்திரண்டு வருடம். விமலா என் சொல்லைக் கேட்டு நடந்தது அந்த ஒரு தரம்தான்.

அதற்குப் பிறகு வீடு இல்லை. குளம்தான்.

தை மாதம். குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வான் பாய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. படிக்கட்டில் எட்டுப் படி. அன்று மேலே தெரிந்தது இரண்டு. அந்த இரண்டாவது படியில், தண்ணீருக்குப் பக்கத்தில், ரோஸ் நிறச் செருப்பு இரண்டும் சோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. வீட்டு வாசலில் கழற்றி வைப்பதைப் போல.

தர்சினி அப்படியே மண்ணில் குந்திவிட்டாள்.

எனக்கு நீந்தத் தெரியும், சுமாராக. அந்தக் குளத்தில் முதலை இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. கறுப்புக் களிசானோடு இறங்கினேன். மூன்றாவது படி, நாலாவது படி. நெஞ்சளவு தண்ணீரில் காலால் தடவித் தடவி நடந்தேன். காலில் ஏதாவது படக்கூடாது, ஏதாவது பட வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு நடந்தேன். பாசியும் வேரும் பட்டன. ஒவ்வொன்றுக்கும் என் உயிர் ஒருமுறை போய் வந்தது. சிவராசா அண்ணை மற்றப் பக்கத்தால் இறங்கினார். குளக்கட்டில் நின்றவர்கள் எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து விழுகிற சத்தம் கேட்டது. ரூபன். யாரோ அவனுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். சீமெந்து படிந்த உடுப்போடு குளக்கட்டில் ஏறினான். செருப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தண்ணீரில் பாய்ந்தான்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தை நான் எண்ணவில்லை.

குளக்கட்டின் மற்ற முனையில் இருந்து ஒரு பாட்டுச் சத்தம் வந்தது. பின்னேரங்களில் பக்கத்து ஊர்ப் பேக்கரியில் இருந்து எங்கள் ஊருக்கு வருகிற பாண் ஆட்டோவின் சத்தம். ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிப் போடுகிற அந்தச் சத்தத்தை எனக்கு எப்போதும் பிடிக்காது. ஆட்டோ குளக்கட்டால் மெல்ல வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. ஓட்டுகிறவர் நடுத்தர வயது மனிதர், ஊருக்குப் புதியவர். பின் கண்ணாடிப் பெட்டியில் பாண். முன்னால், அவருடைய ஆசனத்தின் ஓரத்தில், பிறந்தநாள் சட்டையோடு, வாய் நிறையச் சீனிப் பணிஸோடு, வெறுங்காலோடு தட்சிகா.

“இது ஆற்றை பிள்ளை?” என்று அவர் கேட்டார். கேட்டதில் கோபம் இருந்தது. “தண்ணி திறந்துவிடுற துருசடியிலை தனிய நிண்டு அழுதுகொண்டிருக்குது. வீட்டை போகாமல் ஏன் இஞ்சை நிக்கிறாய் எண்டு கேட்டா, தான் இப்ப ஒருத்தற்றை கண்ணுக்கும் தெரியிறேல்லையாம். அம்மாவுக்கும் தெரியேல்லையாம், கடை மாமிக்கும் தெரியேல்லையாம். கட்டுக்கு அங்காலை உள்ள ஆக்களுக்காவது தெரியுதோ எண்டு பாக்கப் போறாவாம். இந்த ஊரிலை ஆக்களுக்குக் கண் இல்லையோ?”

ஏழு வீட்டாரும் மெல்லத் தலையைத் திருப்பி, நெஞ்சளவு தண்ணீரில் நின்ற என்னைப் பார்த்தார்கள். முகத்தைத் திருப்ப எனக்கு இடம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரில் என் முகம்தான் தெரிந்தது.

தர்சினி பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அமத்தினாள். செருப்பு ஏன் கழற்றினாய் என்று யாரோ கேட்டார்கள். “தண்ணியிலை நான் தெரியிறனோ எண்டு பாத்தனான்” என்றாள். “தெரிஞ்சனான். அதுக்குப் பிறகுதான் அங்காலை போனனான்.” செருப்பை மறந்துபோனாளாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது.

ரூபன் தண்ணீரில் இருந்து ஏறினான். பிள்ளையைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், அந்தப் பயம் அவனுடைய முகத்திலேயே வேறு ஒன்றாக மாறுவதை நான் கண்டேன். நேரே என் வேலிக்குப் போய் ஒரு பூவரசங்கம்பை முறித்துக்கொண்டு திரும்பி வந்தான். இலையை ஒரே இழுவையில் உருவினான்.

“இறக்கடி அவளை” என்றான் தர்சினியிடம். “இனி எந்தக் காலத்துக்கும் படலையைத் தாண்டக்கூடாது. இறக்கு.”

“வேண்டாமப்பா. அவள் பயந்துபோனாள்.”

“நான் பயப்பிடேல்லையோ?”

தர்சினி என்னைப் பார்த்தாள். மூன்றரை மணிக்கு அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம். அந்தத் தடி அவளில் படக்கூடாது. அதற்கு நான் சொன்ன வழியில் நடந்துதான் இப்போது அந்தத் தடிக்கு முன்னால் நிற்கிறாள்.

நான் எப்போது தண்ணீரில் இருந்து ஏறினேன், எப்படி இடையில் போனேன் என்பது எனக்கே விளங்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். படித்த பாடம் ஒன்றும் வரவில்லை. “ரூபன், பிழை என்ரை” என்பது மட்டும் வந்தது. அதையும் அவனுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கம்பு அதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. என் தொடையில் விழுந்தது.

நனைந்த துணிக்கு மேல் விழுகிற அடி இரண்டு அடிக்குச் சமம். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. “ஐயோ அம்மா” என்று நான் கத்தியது தார் வீதி வரை கேட்டதாம். (இல்லை, அதற்கும் அப்பால் மரம் அரிகிற மரக்காலை வரைக்கும் கேட்டது என்பது பவளம் அக்காவின் கணக்கு.)

ரூபனின் கை அந்தரத்தில் நின்றது. “அண்ணை… உங்களுக்கு இல்லை… நான்…”

“தெரியும்” என்றேன். கண்ணில் தண்ணீர்.

பாண் ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்த மறந்துபோனார். அது மட்டும் தன் பாட்டில் பாடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் தாயின் தோளில் இருந்தபடி தட்சிகா கேட்டாள்:

“அப்பா, மாமாக்கு ஏன் அடிச்சனீங்கள்? அவர் என்ன குழப்படி செய்தவர்?”

பவளம் அக்காதான் சொன்னா:

“நிறையச் செய்தவர், பிள்ளை. ஊருக்கே செய்தவர்.”

முதலில் சிரித்தவன் ரூபன். அது சிரிப்போ அழுகையோ என்று பிரிக்க முடியாதபடி இருந்தது. கம்பைக் குளத்தில் எறிந்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மகளை வாங்கித் தோளில் போட்டான். அவள் மிச்சப் பணிஸை அவனுடைய வாயில் தீத்தினாள். அவன் தின்றான். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று பொழுதுபடும் நேரம் விமலா பயிற்சியில் என்னோடு இருந்த ஒரு பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் சோற்றுப் பார்சல் இறக்கிய அந்தக் கால் மணித்தியாலத்தில் மிஸ் என்ன சொன்னவ என்று விசாரித்தாள். பிள்ளை அந்த இடத்திலேயே இருக்கிறதா என்று கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அழுகை நின்ற அந்த நிமிடமே திரும்பி, அணைத்து, கதைக்க வேண்டுமாம். அதுதான் பாடத்தின் முக்கியமான பாதி என்று மிஸ் மூன்று தரம் சொன்னவவாம். அதற்குத்தான் எல்லோரும் கைதட்டினார்களாம்.

அந்தக் கைதட்டில் என்னுடையதும் இருந்தது.

இன்றைக்கும் என் வீட்டில் இதை விடுவதாக இல்லை. மகள் குறைந்த புள்ளி எடுத்துக்கொண்டு வந்தால் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, “அப்பா, பாக்கக்கூடாது. அறுநூறு வரைக்கும் எண்ணுங்கோ” என்கிறாள். நான் ஏதாவது யோசனையாக இருந்தால், “அவரைக் குழப்பாதேங்கோ, பாடம் நடக்குது” என்று விமலா சொல்லுகிறாள். கடையில் அடம்பிடிக்கிற பிள்ளைகளைப் பவளம் அக்கா பயமுறுத்துவது இப்படி: “சத்தம் போட்டா அடி விழும். உனக்கில்லை, அந்த மாமாவுக்கு.” பிள்ளைகள் என்னை ஒருமுறை இரக்கத்தோடு பார்த்துவிட்டு அடங்கிவிடுகிறார்கள். அந்த ஒழுங்கையில் பிள்ளைகளை அடிப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று திட்டத்துக்காரர் அறிக்கையில் எழுதிக்கொண்டு போனார்கள். காரணம் என்ன என்ற இடத்தில் தர்சினி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

சம்பவத்துக்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. தொடை வீங்கியிருந்தது. வயலுக்குப் போகவில்லை. ஒழுங்கையில் வீடு வீடாகப் போய், இனிப் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று சொன்னேன். இரண்டு வீட்டில் ஆட்கள் இல்லை. பின்னேரம் திரும்பவும் போனேன்.